அந்தப் பத்து பவுண்டு அங்கேயே இருக்கட்டும்

நண்பர் ஒருவர். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஹூஸ்டனுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு வீட்டுக்கு ஒரு ரிவால்வர் வாங்கியிருக்கிறார். வாங்கியது அவர் இஷ்டம். டெக்ஸஸில் அது தப்பும் இல்லை, அதிசயமும் இல்லை. ஆனால் போன மாதம் என்னிடம் ஒரு உதவி கேட்டார். "அண்ணா, ட்ரிகர் ரொம்ப கனமா இருக்குங்க, குறி தவறுது. ரேஞ்சுல ஒருத்தர் சொன்னாரு, டபுள் ஆக்‌ஷனை எடுத்துட்டு சிங்கிள் ஆக்‌ஷன் மட்டும் வச்சுக்கிட்டா வெண்ணெய் மாதிரி இருக்கும்னு. நீங்கதான் மெக்கானிக்கல் ஆச்சே, ஒரு சனிக்கிழமை கராஜ்ல உக்காந்து முடிச்சிடலாமுங்களா?"

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "பயப்படறீங்களாண்ணா?" என்று சிரித்தார். பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது காரணமுள்ள பயம். காரணத்தை ஒரு கப் காபி ஆறுவதற்குள் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் நம் ஆட்கள் வீடுகளிலும் துப்பாக்கி வர ஆரம்பித்துவிட்டது. அவர் ஒருவருக்கு மட்டுமான விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இந்த சிங்கிள், டபுள் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வர வேண்டாம், தீபாவளித் துப்பாக்கி போதும். சுருள் கேப்பு போட்டு, விசையை இழுத்தால், பின்னால் ஒரு குட்டிச் சுத்தியல் மெதுவாக எழுந்து, கடைசியில் விழுந்து 'டப்' என்று அடிக்கும். ஒரே இழுப்பில் இரண்டு வேலை: சுத்தியலைத் தூக்குவது ஒன்று, விடுவது ஒன்று. அதுதான் டபுள் ஆக்‌ஷன். நாலு வயதுத் தம்பிக்கு விரலில் தெம்பு இல்லாவிட்டால் என்ன செய்வான்? கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு, பிறகு விசையைத் தொடுவான். விசைக்கு இப்போது ஒரே வேலைதான், விடுவது. அதுதான் சிங்கிள் ஆக்‌ஷன். (இந்தச் சுத்தியலுக்குத் தமிழில் குதிரை என்று பேர். இந்திக்காரனும் கோடா என்றுதான் சொல்கிறான். சிலர் விசையையே குதிரை என்பார்கள். குழப்பம் வேண்டாம், நான் குதிரை என்று சொல்வது பின்னால் நிற்கும் சுத்தியலைத்தான்.)

பெரும்பாலான நவீன ரிவால்வர்களில் இரண்டு விதமாகவும் சுடலாம். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? டபுள் ஆக்‌ஷனில் விசையை இழுக்க சுமாராகப் பத்து, பன்னிரண்டு பவுண்டு விசை வேண்டும். இழுக்கும் தூரமும் நீளம். குதிரையை முன்கூட்டியே இழுத்து நிறுத்திவிட்டால் மூன்று, நான்கு பவுண்டு போதும், தூரமும் நூலிழைதான். நம் கடைக் கணக்கில் சொன்னால், முதலாவது இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையில் பாதியை ஒரே விரலால் இழுப்பது. இரண்டாவது நாலு பவுண்டு துவரம்பருப்பு பாக்கெட். எது சுலபம் என்று கேட்கவே வேண்டாம். இழுப்பு இலேசாக இருந்தால் கை ஆடாது, கை ஆடாவிட்டால் குறி தவறாது. நண்பர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆசையும் புரிகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. எங்கள் ஊர் புத்தலப்பட்டு. சித்தூரிலிருந்து திருப்பதி போகிற வழியில், கர்நூல் ரோடு பிரிகிற இடம். பஸ்ஸில் போகும்போது பாதிப் பேர் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. சித்தூர் ஜில்லாவே 1911 வரை வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்ததுதானே. எழுபதுகளில் வளர்ந்த எங்களுக்கு கௌபாய் என்றால் கிருஷ்ணா. 1971ல் வந்த 'மோசகாள்ளகு மோசகாடு' டூரிங் டாக்கீஸில் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று கணக்கே இல்லை. வேலூர் பக்கம் மாமா வீட்டுக்குப் போனால் ஜெய்சங்கரின் 'கங்கா'. அப்புறம் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், டெக்ஸ் வில்லர். எல்லாவற்றிலும் ஒரே காட்சி: ஹீரோ கட்டைவிரலால் குதிரையை இழுப்பான், 'க்ளிக்' என்று ஒரு சத்தம், எதிரி எச்சில் விழுங்குவான். அந்த 'க்ளிக்' நம் தலைமுறையின் காதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் வீரம், டபுள் ஆக்‌ஷன் என்றால் போலீஸ்காரன் சமாச்சாரம்.

ஆனால் அந்தப் போலீஸ்காரன் என்ன செய்தான் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ரிவால்வரைத் தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு, பதற்றத்தோடு அதை உருவ வேண்டிய வேலையில் இருந்தவர்கள் யோசித்துச் செய்த மாற்றம், நண்பர் கேட்டதற்கு நேர் எதிரானது. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தங்கள் ரிவால்வர்களில் சிங்கிள் ஆக்‌ஷன் வசதியைச் செயலிழக்க வைத்து, டபுள் ஆக்‌ஷனில் மட்டுமே சுடும்படி மாற்றியது. நியூயார்க் போலீஸும் 1980களில் டபுள் ஆக்‌ஷன் மட்டுமே கொண்ட ரிவால்வர்களுக்கு மாறியது. ஏன்? குதிரையை இழுத்து நிறுத்திய துப்பாக்கியை ஒருவன் மேல் நீட்டிக்கொண்டு, "கையைத் தூக்கு" என்று கத்துகிற நேரத்தில் மூன்று பவுண்டு என்பது ஒன்றுமே இல்லை. தடுக்கி விழுந்தால் வெடிக்கும். யாராவது தோளில் தட்டினால் வெடிக்கும். இடது கை எதையாவது இறுக்கிப் பிடித்தால் வலது கை விரலும் தன்னையறியாமல் இறுகும், உடம்பின் இயல்பு அது. வெடித்த பிறகு "நான் சுடவில்லை, அதுவாக வெடித்தது" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

யாரும் கேட்கவில்லை என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 1983ல் மன்ஹாட்டனில் இரண்டு கார்க்காரர்களுக்குள் தெருச்சண்டை. ஒருவர் ரிவால்வரை எடுத்துக் குதிரையை இழுத்து நீட்டினார். அது வெடித்தது, எதிரே நின்றவர் செத்துப்போனார். சுட நினைக்கவில்லை, தானாக வெடித்துவிட்டது என்பது அவர் வாதம். ஜூரி கொலை என்றது. மேல்முறையீட்டில் அது ஒரு படி குறைந்தது, ஆனால் விடுதலை இல்லை. 1986ல் மாநிலத்தின் உச்ச அமர்வும் அதை உறுதி செய்தது. குற்றம் எது? அந்த நேரத்தில் குதிரையை இழுத்ததே போதுமான அஜாக்கிரதை என்பதுதான் நான் அதில் படித்துக்கொண்ட பாடம். (நான் வக்கீல் இல்லை. தங்கமணி என் வாதத்திறமையை வீட்டிலேயே தினமும் தோற்கடித்துக்கொண்டிருக்கிறாள்.)

இங்கிலாந்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். இந்தியாவில் காலனி ஆட்சியின் கைத்துப்பாக்கி என்றால் வெப்ளி. அதன் பங்காளி என்ஃபீல்ட் நம்பர் 2. இது டாங்கிக்குள் இருக்கும் சிப்பாய்களுக்கும் கொடுக்கப்பட்டது. குறுகலான வாசல் வழியாக ஏறி இறங்கும்போது குதிரையின் வால் அங்கே இங்கே மாட்டித் தொந்தரவு கொடுத்தது. 1938ல் குதிரையின் வாலையே வெட்டிவிட்டு, டபுள் ஆக்‌ஷன் மட்டும் வைத்து ஒரு மாடல் கொண்டு வந்தார்கள். அதுவரை சரி. யுத்தம் முற்றியபோது உற்பத்தியை வேகப்படுத்த வேண்டும் என்று இன்னொரு மாடல் போட்டார்கள், அதில் குதிரையைத் தடுக்கும் ஒரு சின்ன உறுப்பை விட்டுவிட்டார்கள். சின்னதுதானே, அது இல்லாமலும் சுடுகிறதே! கீழே விழுந்தால் வெடிக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. பிறகு அவற்றைத் திரும்ப வாங்கி, அந்த உறுப்பை மறுபடி போட்டுக் கொடுக்க வேண்டி வந்தது.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ரிஃபைனரிகளுக்கான வால்வுகளோடு மல்லுக்கட்டுகிறவன். என் துறையில் இதற்குப் பெயர் இன்டர்லாக்கைத் தூக்குவது. ஒரு வால்வு திறந்திருந்தால் இன்னொன்று திறக்காது என்று ஒருவன் மண்டையை உடைத்துக்கொண்டு ஏற்பாடு செய்திருப்பான். ஆறு மாதம் கழித்து இன்னொருவன் வருவான். "இது எதுக்கு இங்க, வேலைக்கு இடைஞ்சலா இருக்கு" என்று கழற்றி வைப்பான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த நாளும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இது அபாயம். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் கழற்றினவனுக்கு சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ரிவால்வரின் உள்ளே இருப்பதும் இப்படி ஒன்றோடொன்று கை கோத்த உறுப்புகள்தான். விசை பின்னால் போகும்போது சிலிண்டர் சுற்றுகிறது, ஒரு தாழ் விழுகிறது, ஒரு தடுப்பு விலகுகிறது, குதிரை எழுகிறது. விசையை விட்டால் எல்லாம் திரும்பி அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு உறுப்பு ஒரே வேலை செய்வது அபூர்வம். 1944ல் அமெரிக்கக் கப்பற்படையில் ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதில் குதிரையைத் தடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது, ஆனால் அன்று அது வேலை செய்யவில்லை. கம்பெனி அந்தத் தடுப்பைப் புதிதாக வடிவமைத்தது. பெரிய கம்பெனி, நூறு பொறியாளர்கள், யுத்த கால ஒப்பந்தம், அவர்களுக்கே இந்த நிலைமை. கராஜில் ஒரு அரமும் யூடியூபும் வைத்துக்கொண்டு உட்காரும் எனக்கு என்ன தெரிந்துவிடும்? ஒரு ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் குறைத்தால் வேறு எந்த உறுப்பு பாதி வழியில் நிற்கும் என்று என்னால் கேரண்டி கொடுக்க முடியாது. வால்வில் தப்பு செய்தால் ஹைட்ரோ டெஸ்ட் செய்து கண்டுபிடிப்பேன். இதில் டெஸ்ட் என்றால் என்ன?

அந்தக்கால கௌபாய் துப்பாக்கியே அவ்வளவு நல்லதாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1873ம் வருடத்து கோல்ட், காமிக்ஸில் வருகிற அதே துப்பாக்கி, ஆறு குண்டு கொள்ளும். ஆனால் விவரம் தெரிந்தவன் ஐந்துதான் போடுவான். குதிரைக்கு நேர் கீழே இருக்கும் அறையைக் காலியாக விடுவான். இல்லாவிட்டால் கீழே விழுந்து குதிரையில் அடிபட்டால் வெடித்துவிடும். ரூகர் கம்பெனி 1953லிருந்து அதே பாணியில் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள் செய்து, கடைசியில் 1973ல், விசையை முழுதாக இழுத்தாலொழிய குதிரையின் அடி குண்டைச் சேராதபடி உள்ளே ஒரு பட்டையை வைத்து மாற்றியது. பழைய மாடல் வைத்திருப்பவர்கள் அனுப்பினால் காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம் என்றும் பிறகு அறிவித்தது. சிங்கிள் ஆக்‌ஷன் செய்கிறவனே அதற்கென்று தனியாக ஒரு காவலை யோசித்து வைக்க வேண்டியிருந்தது. டபுள் ஆக்‌ஷனாகப் பிறந்ததைப் பாதியில் சிங்கிளாக மாற்றினால் அந்தக் காவல் தானாக வந்துவிடாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னை உண்மையாகவே தூங்கவிடாத விஷயம் வேறு. குதிரையை இழுத்து நிறுத்தியாகிவிட்டது. பிறகு சுட வேண்டிய அவசியம் இல்லை என்று ஆகிவிடுகிறது. இப்போது என்ன செய்வீர்கள்? குண்டுள்ள துப்பாக்கியில், கட்டைவிரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் விரலால் விசையை இழுத்து, மெதுவாக இறக்க வேண்டும். கை வியர்த்திருக்கும், கட்டைவிரல் வழுக்கினால் வெடித்தது வெடித்ததுதான். டபுள் ஆக்‌ஷனில் இந்தப் பிரச்சினையே இல்லை. சுடவில்லையா, விரலை எடு, முடிந்தது. சிங்கிள் ஆக்‌ஷன் மட்டும் என்று ஆக்கிவிட்டால், சுடத் தயாரான ஒவ்வொரு முறையும், சுடாமல் விடும்போது, இந்தக் கண்டத்தைத் தாண்டியாக வேண்டும்.

நண்பர் இதை வாங்கியது வீட்டுப் பாதுகாப்புக்கு. அந்த நேரம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணி, கீழே சத்தம். தூக்கக் கலக்கம், கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, கை நடுங்குகிறது. கட்டைவிரல் 'க்ளிக்' என்று இழுத்துவிட்டது. படியில் இறங்கினால், ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நிற்கிறான் ஆஸ்டினில் காலேஜ் படிக்கிற பையன், சொல்லாமல் கிளம்பி வந்து தயிர்சாதம் தேடிக்கொண்டு. அந்த ஒரு நொடியில் விரலுக்கும் அவனுக்கும் நடுவே பத்து பவுண்டும் முக்கால் அங்குலமும் இருக்க வேண்டுமா, மூன்று பவுண்டும் நூலிழையும் இருக்க வேண்டுமா? குறி தவறுகிறது என்பது நண்பரின் புகார். ரேஞ்சில் அட்டையில் குறி தவறுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விசை ரொம்பக் கனமாக இருந்தால் போலீஸ்காரனுக்கே குறி தவறும், வழியில் போகிறவன் மேல் படும் என்கிறார்கள். ரிவால்வர் போய் பிஸ்டல் வந்த பிறகும் நியூயார்க் போலீஸ் பன்னிரண்டு பவுண்டு விசை வைத்திருந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் ஒரு கொலைகாரனைப் போலீஸ் சுட்டபோது, வழியில் போன ஒன்பது பேர் காயம்பட்டார்கள். அப்போது இந்தக் கனமான விசையைத்தான் பலரும் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். ஆனால் அதற்கு அவர்கள் கேட்ட தீர்வு விசையை ஓரளவு இலேசாக்குவதும், பயிற்சியைக் கூட்டுவதும். குதிரையை இழுத்து நிறுத்திக்கொண்டு ரோந்து போகலாம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"குழந்தைகள் இருக்கிற வீட்டில் கனமான விசை நல்லது" என்றும் ஒரு பேச்சு உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1887லேயே, குதிரையே வெளியே தெரியாத, டபுள் ஆக்‌ஷன் மட்டும் கொண்ட ஒரு ரிவால்வரை, குழந்தை கையில் கிடைத்தாலும் வெடிக்காது என்ற பெருமையோடு விற்றது. இந்தப் பெருமையை நான் முழுசாக நம்பத் தயாரில்லை. 1995ல் இங்கே டாக்டர்கள் குழந்தைகளின் விரல் வலுவை அளந்து பார்த்தார்கள். ஐந்து, ஆறு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு கை விரலையும் சேர்த்து இழுத்தால் பத்து பவுண்டை இழுத்துவிடுகிறார்கள். ஆக, பத்து பவுண்டு பூட்டு ஆகாது. ஆனால் மூன்று பவுண்டாக்கினால் மூன்று வயதுக் குழந்தையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். டெக்ஸஸில், சுடத் தயாரான துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது பதினேழு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால், வைத்தவர் மேல் குற்றம். பூட்டுப்பெட்டி ஒன்று வாங்கி வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், இனி பூட்டு எதற்கு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் தவறுதலாக வெடித்து இறந்தவர்கள் 549. தற்கொலை 26,328. பாதிக்கு மேல்! நம் வீடுகளில் எஸ்ஏடி, ஏபி கோர்ஸ், ஐவி லீக் என்று பதினாறு வயதுப் பிள்ளைகள் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் பாரம் எவ்வளவு என்று நமக்கே தெரியும். அவன் முகத்தை மூடிக்கொண்டு அறையில் கிடக்கும் ஒரு சாயங்காலம், அலமாரியில் அது பூட்டாமல் இருக்கக் கூடாது. இந்த இடத்தில் சிங்கிளாவது டபுளாவது, எதுவும் காப்பாற்றாது. சாவி மட்டும்தான் காப்பாற்றும். இதைப் பற்றிப் பேச நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். பாட்லக்கில் பேசாத விஷயமே இல்லை, இதைத் தவிர.

ஊரில் இதெல்லாம் இல்லை, இங்கே வந்துதான் கெட்டுப்போனோம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 1967 ஜனவரி 12ம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டாரே, அப்போது கழுத்துக் கட்டோடு வந்த படம் இல்லாத டீக்கடை உண்டா? எங்கள் சித்தூரிலேயே, 2015 நவம்பர் 17ம் தேதி மேயர் கட்டாரி அனுராதா மாநகராட்சி அலுவலகத்தில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். தாக்கப்பட்ட அவர் கணவர் மோகனும் பிழைக்கவில்லை. அந்த வழக்கில் ஐந்து பேருக்கு 2025 அக்டோபரில் சித்தூர் கோர்ட் மரண தண்டனை விதித்தது. நான் சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் அலைந்த டவுன் அது. இந்தியாவிலும் துப்பாக்கி இருக்கிறது. 2014ல் கான்பூரில் அரசுத் தொழிற்சாலையே பெண்களின் பாதுகாப்புக்கு என்று 'நிர்பீக்' என்ற பெயரில் ஒரு பாயிண்ட் 32 ரிவால்வர் வெளியிட்டது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல்!

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே யாரும் அதைக் கராஜில் வைத்துக் கழற்றிப் பார்ப்பதில்லை. 1959ம் வருடத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமல்ல, ரிப்பேர் கடை நடத்துவதற்கும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்த பிறகு போய் வாங்கி வர வேண்டும். எங்கள் ஊரில் ரெட்டி மாமா ஒருவர் கடலைக் கொல்லைக்குக் காட்டுப்பன்றிக் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். வாய் வழியாக மருந்து கெட்டிப்பது. அசல் சிங்கிள் ஆக்‌ஷன் அதுதான், குதிரையைக் கையால் இழுத்தால்தான் உண்டு. அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது குதிரை இறங்கியிருக்கும், அதன் கீழே கேப்பு இருக்காது. கேப்பு சட்டைப்பையில் ஒரு தகர டப்பாவில். கொல்லைக்குப் போய் மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வைப்பார். பன்றி வராத ராத்திரி, இறங்குவதற்கு முன் கேப்பை எடுத்து டப்பாவில் போட்டுவிடுவார். எழுத்து வாசனை அதிகம் இல்லாத மனிதர். சிங்கிள் ஆக்‌ஷனுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எச்1பியில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை இந்த நாட்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ரெண்டு ரவுண்டு சுட்டு, போட்டோ எடுத்துப் போடுவதும் இதில் சேர்த்திதான். "எல்லாரும் போறாங்க" என்று ஆபீஸ் டீமோடு போகும் முன்னால் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டுக்குப் பதினைந்து வருடம் வரிசையில் நின்றுவிட்டு ஒரு போட்டோவில் கோட்டை விடாதீர்கள்.

இன்னொன்று நண்பர் யோசிக்கவே இல்லை. துப்பாக்கி என்பது நம்மைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும் சாமான். நூறு வருடத்து ரிவால்வர்கள் இன்னும் கடைகளில் விற்கின்றன. நாளைக்கு அவர் வீடு மாறும்போது விற்பார், இல்லை அவர் காலத்துக்குப் பிறகு பையன் விற்பான். வாங்குகிறவன் வெளியே பார்த்தால் சாதாரண டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று எந்தச் சீட்டும் ஒட்டியிருக்காது. விசையை இழுத்துப் பார்ப்பான், குதிரை அசையாது. கெட்டுப்போயிருக்கிறது போல என்று கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பான். அதற்கப்புறம் அது வெண்ணெய் மாதிரி இருக்கும், ரேஞ்சுக்காரர் சொன்ன மாதிரியே. முன்பின் தெரியாத ஒருத்தன் கையில் அப்படி ஒன்றைக் கொடுக்க என் கையெழுத்து வேண்டாம்.

சரி, கனமாக இருக்கிறதே, என்னதான் செய்வது? விரலைப் பழக்க வேண்டியதுதான். டபுள் ஆக்‌ஷனில் நன்றாகச் சுடுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம், அறுபது வயதுப் பாட்டிமார்கள் உட்பட. நல்ல பயிற்சியாளரிடம் ஒரு மாதம் போனால் பாதிப் பிரச்சினை தீரும். கைக்குப் பொருந்தாத துப்பாக்கியாகவும் இருக்கலாம், பிடியின் அளவை மாற்றிக் கொடுப்பார்கள். அதற்கும் சரிப்படாவிட்டால் அங்கீகாரம் உள்ள துப்பாக்கிப் பட்டறையில், கம்பெனி பாகங்களை வைத்து, கம்பெனி சொன்ன எல்லைக்குள் சரிசெய்து கொடுப்பார்கள். கௌபாய் ஆசைதான் உண்மையான காரணம் என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டுத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். சிங்கிள் ஆக்‌ஷனாகவே பிறந்த ரிவால்வர்களை இன்றைக்கும் கம்பெனிகள் செய்கின்றன. தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு போட்டி வைக்கிற கிளப்புகளே இங்கே உண்டு. அந்தத் துப்பாக்கியைப் பார்த்தவுடனே, குதிரையைக் கையால் இழுக்க வேண்டும் என்று எடுக்கிறவன் எல்லாருக்கும் தெரியும்.

டிஸ்கி: எந்த உறுப்பை எப்படிக் கழற்ற வேண்டும் என்று கேட்டு யாரும் மடல் போட வேண்டாம். சொல்ல மாட்டேன். வால்வு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், தூக்கத்திலிருந்து எழுப்பினாலும் சொல்வேன்.